எம்.ஆர்.ஐ. நார்மல் என்றால் மூளையில் ஒன்றுமில்லை என்று பொருளா?

பொதிகைவாசி | 11 ஜனவரி 2025

என் தம்பிக்கு வயது 19. ஒன்றரை ஆண்டாக அவ்வப்போது ஓரிரு நிமிடம் வெறித்துப் பார்க்கிறான், உதட்டைச் சப்புகிறான், சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருக்கிறான், கூப்பிட்டால் பதில் இல்லை. பிறகு கேட்டால் எதுவும் நினைவில்லை என்கிறான். சி.டி. எடுத்தோம், எம்.ஆர்.ஐ. எடுத்தோம், இரண்டுமே நார்மல் என்று அறிக்கை வந்துவிட்டது. மூளையில் ஒன்றுமில்லை, படிப்புக்குப் பயந்து நடிக்கிறான் என்பது எங்கள் மாமாவின் தீர்ப்பு. நினைப்பதையே படம் பிடிக்கும் ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. என்று ஒன்று இருப்பதாகவும், அதை எடுத்தால் நடிப்பா நோயா என்று தெரிந்துவிடும் என்றும் சொல்கிறார். இது உண்மையா?

பழைய ஸ்கேன்காரன் | 12 ஜனவரி 2025, காலை

இரண்டும் தவறு. ஸ்கேன் நார்மல் என்பதால் நடிப்பு என்று ஆகிவிடாது, ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. நடிப்பைக் கண்டுபிடித்துக் கொடுக்கவும் செய்யாது. நான் மருத்துவன் அல்லன். 26 ஆண்டுகள் ஸ்கேன் அறையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். மாலையில் விரிவாக எழுதுகிறேன். அதற்குள் மாமாவிடம் ஒரு கேள்வி கேட்டுவையுங்கள்: மின்கம்பியைப் புகைப்படம் எடுத்துப் பார்த்து, அதில் கரண்ட் ஓடுகிறதா இல்லையா என்று அவர் சொல்வாரா?

பழைய ஸ்கேன்காரன் | 12 ஜனவரி 2025, இரவு

சி.டி.யிலிருந்து தொடங்குகிறேன். 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில், காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவியில் முதல் நோயாளி படுத்தார். அதற்கு முன்பு தலையை எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு தெரியும், மூளை தெரியாது. மூளையின் உருவத்தை ஊகிப்பதற்காக, முதுகுத்தண்டு நீரை வடித்துவிட்டு அந்த இடத்தில் காற்றைச் செலுத்திப் படம் எடுப்பார்கள். 1919இல் வால்டர் டாண்டி விவரித்த அந்த முறையில் நோயாளி பட்ட தலைவலியை, அதைப் பார்த்த பழைய மருத்துவர்கள் எனக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சி.டி. அளப்பது ஒன்றே ஒன்றுதான்: எக்ஸ்ரேயை அந்த இடத்துத் திசு எவ்வளவு தடுக்கிறது என்பது. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000 என்று ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரிலேயே அளவுகோல் இருக்கிறது. கெட்டி எலும்பு ஆயிரத்தைத் தொடும். மூளையின் சாம்பல்நிறப் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் உள்ள வேறுபாடோ பத்துப் புள்ளி அளவுதான். புதிதாகக் கசிந்து உறைந்த ரத்தம் 60, 70 என்று பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும் என்பதால்தான், வண்டியிலிருந்து விழுந்தவரை முதலில் சி.டி. அறைக்குத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். உங்கள் தம்பியின் சி.டி. சொல்வது, ரத்தக்கசிவும் பெரிய கட்டியும் இல்லை என்பதுதான். அதுவரை நிம்மதி.

எம்.ஆர்.ஐ. வேறு சங்கதி. அதில் எக்ஸ்ரேயே கிடையாது. உடம்பில் இருக்கும் தண்ணீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களை, பூமியின் காந்தப்புலத்தைப் போல முப்பதாயிரம் மடங்கு வலுவுள்ள ஒரு புலத்தில் (அதுதான் 1.5 டெஸ்லா) வைத்து, ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையால் உலுக்கிவிட்டு, அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது அனுப்பும் மெல்லிய எதிரொலியைக் கேட்கிறோம். புலத்தின் திசையில் நிற்கும் அணுக்கருக்கள் எதிர்த்திசையில் நிற்பவற்றைவிட பத்து லட்சத்துக்கு ஐந்து என்ற அளவில்தான் கூடுதல். அந்த ஐந்தை நம்பித்தான் மொத்தப் படமும். திரும்பும் வேகம் கொழுப்புறை போர்த்த நரம்பிழையில் ஒருவிதம், செல்கள் நிறைந்த இடத்தில் ஒருவிதம், வீங்கிய இடத்தில் வேறுவிதம். ஆகவே சி.டி. தடுப்பை அளக்கிறது என்றால், எம்.ஆர்.ஐ. தண்ணீரின் நிலையை அளக்கிறது. மூளையின் மின்சாரம் இரண்டிலும் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் வலிப்பாக இருக்கலாம், வலிப்பு என்பதோ மின்சாரக் கோளாறு.

பழைய ஸ்கேன்காரன் | 14 ஜனவரி 2025

பொங்கல் நாளில் ஒரு கிளைக்கதை. காந்தத்தின் வலு எவ்வளவு என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். கரண்ட் போனாலும் அந்தக் காந்தம் அணையாது. கம்பிச்சுருள் திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரியில், மின்தடையே இல்லாமல் கிடக்கும். நாங்கள் நோயாளியிடம் நகை, கைப்பேசி, சில்லறை, பல்செட், அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்து என்று வரிசையாகக் கேட்போம். ஒரு முறை அறுபது வயது அம்மா ஒருவர் தாலிச் சங்கிலி உட்பட எல்லாவற்றையும் மகளிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு, தாலி இல்லாமல் வெறுங்கழுத்தாக இருக்கக் கூடாது என்று ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு வந்தார். கயிறுதானே என்று விட்டுவிட்டேன். கருவியின் வாய்க்கு இரண்டடி முன்னால் வந்ததும் அவருடைய முந்தானைக்குள்ளிருந்து ஏதோ எழுந்து, கயிற்றை இழுத்துக்கொண்டு, படமெடுத்த பாம்புபோல் காந்தத்தைப் பார்த்து விறைத்து நின்றது. மூன்று ஊக்குகள். அவசரத்துக்கு உதவும் என்று தாலியில் ஊக்கு மாட்டிவைக்கும் வழக்கம் எனக்குத் தெரியாதா என்ன, என் அம்மாவும் மாட்டியிருந்தவர்தான். அந்த அம்மா பயப்படவில்லை. “சக்தியுள்ள மிஷின்தான்” என்று சொல்லிவிட்டு அவிழ்த்துக் கொடுத்தார். அன்று முதல் கயிற்றையும் கையால் தடவிப் பார்க்காமல் நான் யாரையும் உள்ளே விட்டதில்லை.

பழைய ஸ்கேன்காரன் | 16 ஜனவரி 2025

மின்சாரத்துக்கு வருவோம். அதை நேரடியாக அளப்பது, தலைத்தோலில் மின்வாய்களை ஒட்டிப் பதிவு செய்யும் இ.இ.ஜி. ஜெர்மனியின் யேனா நகரத்தில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலையை முதன்முதலாகப் பதிவு செய்தார். ஐந்தாண்டு தயங்கி 1929இல்தான் வெளியிட்டார். இதில் மாமாவுக்கு இனிக்கும் செய்தி ஒன்று உண்டு. பெர்கர் இளம் வயதில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து உயிர் தப்பிய அதே நாளில், தொலைவில் இருந்த அக்காவுக்கு அவரைப் பற்றி இனம்புரியாத அச்சம் தோன்றி வீட்டிலிருந்து தந்தி வந்ததாம். மனத்திலிருந்து மனத்துக்குச் செய்தி போகிறது என்று நம்பி, அந்த ஆற்றலைத் தேடித்தான் பெர்கர் மூளை ஆராய்ச்சிக்கே வந்தார். தேடியது கிடைக்கவில்லை, கண்ணை மூடினால் எழுந்து, திறந்தால் அடங்கும் ஆல்ஃபா அலை கிடைத்தது.

இ.இ.ஜி.யின் பலம் நேரம்: ஆயிரத்தில் ஒரு விநாடி வரை துல்லியம். பலவீனம் இடம். மண்டையோடும் தோலும் அலையைக் கலக்கிவிடுவதால், மேற்பரப்பில் ஆறு முதல் பத்து சதுர சென்டிமீட்டர் பரப்பாவது ஒன்றாகத் துடித்தால்தான் தலைத்தோலில் ஒட்டிய மின்வாய்க்குத் தெளிவாகத் தெரியும். பொட்டு மடலின் (நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் மூளைப் பகுதி) உட்புறத்தில், ஆழத்தில், சிறிய இடத்தில் ஏற்படும் கோளாறு வெளியே தெரியாமலே போகலாம். வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, அல்லது அதற்கும் குறைவானவர்களுக்குத்தான் முதல் பதிவிலேயே அடையாளம் கிடைக்கிறது. எனவே இ.இ.ஜி. எடுத்து அதுவும் நார்மல் என்று வந்தாலும் கதை முடிந்துவிடாது என்பதை மாமாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பழைய ஸ்கேன்காரன் | 18 ஜனவரி 2025

ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. என்பது தனிக் கருவி அன்று. அதே காந்தம், அதே குழாய், வேறு விதமாகப் படம் எடுக்கும் முறை. ஒரு மூளைப்பகுதி வேலை செய்யும்போது ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. செலவாகும் ஆக்சிஜனைத்தான் அந்தப் படம் காட்டுகிறது.

பழைய ஸ்கேன்காரன் | 19 ஜனவரி 2025

நேற்று அவசரத்தில் எழுதியதைத் திருத்துகிறேன். செலவாகும் ஆக்சிஜனைக் காட்டுகிறது என்றால், வேலை செய்யும் இடத்தில் ஒளி மங்க வேண்டும், நடப்பது நேர்மாறு. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தத்தால் சிறிது ஈர்க்கப்படும், ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபின் ஈர்க்கப்படாது என்று 1936இலேயே லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் கண்டார்கள். ஈர்க்கப்படும் வகை அருகில் இருந்தால் எம்.ஆர்.ஐ. சமிக்ஞை சிதைந்து மங்கும். இதை வைத்துப் படம் எடுக்கலாம் என்று 1990இல் எலிகளில் காட்டியவர் செய்ஜி ஒகாவா. 1992இல் மனிதர்களில் வந்துவிட்டது. நரம்பணுக்கள் வேலை செய்தால் அந்த இடத்துக்கு ரத்தம் பாய்கிறது, அதுவும் தேவைக்கு மிக அதிகமாகப் பாய்கிறது. கல்யாண வீட்டில் நூறு பேருக்கு இருநூறு இலை போடுவதுபோல. ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் அடித்துச் செல்லப்பட்டு அதன் விகிதம் குறைகிறது, சமிக்ஞை சிறிது ஏறுகிறது. நாம் பார்ப்பது அந்த உபரியைத்தான்.

ஏற்றம் என்றால் எவ்வளவு? ஓரிரு விழுக்காடு. கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது. அதுவும் உடனே வராது. நரம்பணு துடித்து ஐந்தாறு விநாடி கழித்து உச்சத்தைத் தொடும். படத்தின் ஒரு வாக்செல், அதாவது ஒரு சிறு கனசதுரக் கட்டி, பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர் என்று வைத்தால் அதற்குள் பல லட்சம் நரம்பணுக்கள் அடங்கும். 2001இல் நிகோஸ் லோகோதெடிஸ் குழு குரங்கின் மூளையில் மின்வாயைச் செருகிக்கொண்டே ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, அந்தச் சமிக்ஞை நரம்பணு அனுப்பும் துடிப்புகளைவிட, ஓர் இடத்துக்கு வந்துசேரும் உள்ளீட்டோடுதான் கூடுதலாகப் பொருந்தியது. பேசுபவரைவிடக் கேட்பவர்களின் சலசலப்பையே அதிகம் பதிவு செய்யும் ஒலிவாங்கி என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. அந்தக் கருவியோடு 26 ஆண்டுகள் இருந்தவன், செலவு என்று எழுதிவிட்டேன்.

பழைய ஸ்கேன்காரன் | 25 ஜனவரி 2025

“சிவப்பாக எரிகிற படத்தை நானே பார்த்திருக்கிறேன்” என்று ஒருவர் மறுத்திருக்கிறார். அந்தச் சிவப்பு மூளையில் இல்லை, கணினி பூசியது. ஒரு வேலையைச் செய்தபோதும் செய்யாதபோதும் ஒவ்வொரு கட்டியிலும் சமிக்ஞை மாறியதா என்று கணக்குப் பார்த்து, தற்செயலாக இருக்க வாய்ப்புக் குறைவு என்று தோன்றும் கட்டிகளுக்கு நிறம் கொடுக்கிறார்கள். ஒரு லட்சம் கட்டிகள் இருந்து, ஆயிரத்தில் ஒன்று தற்செயல் என்ற அளவில் வடிகட்டினால், ஒன்றுமே நடக்காத மூளையில்கூட நூறு கட்டிகள் சிவந்து நிற்கும்.

கிரெய்க் பென்னெட்டும் கூட்டாளிகளும் 2009இல் செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டி, படத்தில் இருப்பவருக்கு என்ன உணர்ச்சி என்று முறைப்படி கேட்டார்கள். திருத்தமில்லாத கணக்கில், மீனின் மூளையில் சில கட்டிகள் சிவந்தன. பல ஒப்பீடுகளுக்குச் செய்ய வேண்டிய திருத்தத்தைச் செய்ததும் எல்லாம் மறைந்தன. முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு, 2012இல் அந்த ஆய்வுக்குக் கிடைத்தது. செவுளைத் தூக்கிப் பார்த்தே விஷயத்தைச் சொல்லிவிடும் நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த ஆய்வு தேவைப்பட்டிருக்காது.

2016இல் ஆண்டர்ஸ் எக்லண்ட் குழு, வழக்கமான மென்பொருள்களை வைத்து, சும்மா படுத்திருந்தவர்களின் பதிவுகளைப் பிரித்துப் பார்த்தது. ஐந்து விழுக்காடு இருக்க வேண்டிய பொய்ச் சமிக்ஞை, சில அமைப்புகளில் 70 விழுக்காடு வரை ஏறியது. அதனால் 40,000 ஆய்வுகள் குப்பைக்குப் போயின.

பழைய ஸ்கேன்காரன் | 26 ஜனவரி 2025

மேலே கடைசி வரியை விட்டுவிடுங்கள். 40,000 என்ற எண்ணை அந்த ஆய்வாளர்களே பின்னர் திருத்திக்கொண்டார்கள். பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவை 3,500 அளவில் என்று அவர்களில் ஒருவர் கணக்கிட்டார். குப்பை என்பதும் என் வாய்க்கொழுப்பு. வலுவான விளைவுகள் எந்தக் கணக்கிலும் நிற்கும்: விரலை அசைத்தால் கைக்குரிய பட்டை சிவக்கும், பேசினால் பேச்சுக்குரிய பக்கம் சிவக்கும். மூளையில் வளர்ந்த கட்டியை அகற்றும் முன்பு அறுவை மருத்துவர்கள் அதைத்தான் கேட்டு வாங்கினார்கள், நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஆட்டம் காண்பது, கூச்சமுள்ளவர் மூளை இப்படி, பொய்யர் மூளை அப்படி என்ற மெல்லிய வேறுபாடுகளில். 2020இல் ஒரே தரவை 70 குழுக்களிடம் கொடுத்து ஒன்பது கேள்விகளுக்கு விடை கேட்டார்கள்; எந்த இரு குழுவும் ஒரே வழியில் கணக்குப் போடவில்லை, பல கேள்விகளில் விடைகள் பிரிந்தன.

பழைய ஸ்கேன்காரன் | 2 பிப்ரவரி 2025

நடிப்பைக் கண்டுபிடிப்பது பற்றி. இந்தியாவில் இது வெறும் திண்ணைப் பேச்சாக இருந்ததில்லை, இ.இ.ஜி.யை அடிப்படையாகக் கொண்ட ‘மூளை வரைபடச் சோதனை’யைக் காவல்துறை விசாரணையில் பயன்படுத்தினார்கள். 2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், ஒருவரின் ஒப்புதல் இல்லாமல் உண்மை மருந்து ஊசி, பொய் கண்டறியும் கருவி, மூளைச் சோதனை எதையும் நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொலை வழக்கிலேயே இப்படி இருக்க, கல்லூரிப் பையனை மாமா சோதிக்கலாமா?

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையில்லை. 2006இல் ஏட்ரியன் ஓவன் குழு, விபத்துக்குப் பின் சுயநினைவுக்கான எந்த அடையாளமும் காட்டாமல் கிடந்த 23 வயதுப் பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதாகவும் பிறகு தன் வீட்டு அறைகளில் நடப்பதாகவும் கற்பனை செய்யச் சொன்னது. நலமுடையவர்களுக்கு எந்தெந்த இடங்கள் சிவந்தனவோ அதே இடங்கள் அந்தப் பெண்ணுக்கும் சிவந்தன. “இவருக்கு ஒன்றுமே தெரியாது” என்ற படுக்கையோர முடிவைப் படம் புரட்டிப்போட்ட இடம் அது. கவனியுங்கள், அங்கும் படம் எண்ணத்தைப் படிக்கவில்லை. முன்பே சொல்லிவைத்த இரண்டு வேலைகளில் எதை அந்தப் பெண் செய்கிறார் என்றுதான் காட்டியது.

பழைய ஸ்கேன்காரன் | 3 பிப்ரவரி 2025

எந்த ஸ்கேனில் தனி நரம்பணு தெரியும் என்ற கேள்விக்கு: உயிருள்ளவரின் முழு மூளையில், இன்றைய மருத்துவமனைக் கருவி எதிலும் தெரியாது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ‘தரணி’ தொகுப்பில் செல் அளவுக்குப் பார்க்கலாம். ஆனால் அது கருவிலேயே இறந்த சிசுக்களின் மூளையை மெல்லிய சீவல்களாகச் சீவி, சாயமேற்றி எடுத்த படங்கள், 5,132 சீவல்கள்.

பழைய ஸ்கேன்காரன் | 9 பிப்ரவரி 2025

பெட் ஸ்கேனும் எடுக்க வேண்டுமா என்று பொதிகைவாசி கேட்டிருக்கிறார். அது மருத்துவர் முடிவு. அளப்பது என்ன என்று மட்டும் சொல்கிறேன். உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, ஓய்வில் உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது. குளுக்கோஸைப் போன்ற ஒரு பொருளில் ஃபுளோரின் 18 என்ற கதிரியக்க அணுவை ஏற்றி ஊசியில் கொடுத்தால், பசியுள்ள செல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், ஆனால் செரிக்க முடியாமல் உள்ளேயே தேங்கும். அந்த அணு சிதையும்போது வெளிவரும் பாசிட்ரான், எதிர்ப்படும் எலக்ட்ரானோடு மோதி அழிந்து, இரண்டு காமா கதிர்களாக எதிரெதிர்த் திசையில் பறக்கும். இரு பக்கமும் ஒரே கணத்தில் பிடித்தால் எந்தக் கோட்டில் நடந்தது என்று தெரியும். அரை ஆயுள் 110 நிமிடம் என்பதால், மருந்து வண்டி போக்குவரத்தில் சிக்கினால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். வலிப்பு தொடங்கும் இடம், வலிப்பு இல்லாத நேரத்தில் அக்கம்பக்கத்தைவிடக் குறைவாகவே குளுக்கோஸைத் தின்னும். படத்தில் மங்கலாக இருக்கும். எம்.ஆர்.ஐ.யில் எதுவும் தெரியாதவர்களுக்கு இந்த மங்கல் சில நேரம் வழிகாட்டும்.

எம்.இ.ஜி. என்றும் ஒன்று உண்டு, பெங்களூரு நிம்ஹான்ஸில் இருக்கிறது. மூளை மின்சாரம் உண்டாக்கும் காந்தப்புலத்தை அது அளக்கிறது. பூமியின் காந்தப்புலத்தில் ஐம்பது கோடியில் ஒரு பங்கு என்ற அளவு. சென்னை ஸ்டான்லியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், கையிழந்தவரின் முகத்தைத் தொட்டால் இல்லாத கையில் உணர்வு வருவதைக் கவனித்தார். மூளையில் முகத்துக்குரிய பகுதி, கைக்குரிய இடத்துக்குள் பரவிவிட்டதை 1994இல் எம்.இ.ஜி. கொண்டுதான் அவருடைய குழு காட்டியது. கையில்லாத இடத்தில் கையை உணர்ந்தவர்களும் நடிக்கவில்லை.

பழைய ஸ்கேன்காரன் | 16 பிப்ரவரி 2025

ஒரு மாதமாகத் தள்ளிப்போட்டதை எழுதிவிடுகிறேன். ஜனவரி 12 இரவு, எம்.ஆர்.ஐ.யில் மின்சாரம் தெரியாது, அதனால் நார்மல் என்று வரும் என்பதுபோல் எழுதினேன். அது பாதி உண்மை. மின்கோளாறுக்குக் காரணமான தழும்பு எம்.ஆர்.ஐ.யில் தெரியக்கூடியதுதான், தேடினால். தம்பியின் அறிகுறிகளைப் படித்ததும் பொட்டு மடலுக்குள் இருக்கும், நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிதான் என் மனத்தில் வந்தது. சுண்டுவிரல் பருமனே உள்ள அது சுருங்கித் தழும்பேறியிருப்பதைப் பார்க்க, அதன் நீளவாட்டுக்குச் செங்குத்தாக, மெல்லிய சீவல்களாக எடுக்க வேண்டும். வழக்கமான தலை ஸ்கேனில் ஐந்து மில்லிமீட்டர் சீவல், நடுவில் இடைவெளி, சாய்வும் வேறு. தழும்பு இரண்டு சீவலுக்கு இடையில் விழுந்துவிடும்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு தலைக்கு இருபது நிமிடம் என்று கணக்கு. வெளியே பத்துப் பேர் காத்திருப்பார்கள். சீட்டில் ‘மூளை எம்.ஆர்.ஐ.’ என்று மட்டும் இருந்தால், வலிப்பா என்று கேட்காமல் வழக்கமான சீவல்களை எடுத்து அனுப்பியிருக்கிறேன். எத்தனை பேருக்கு என்று எண்ணிப் பார்க்கத் துணிவில்லை. அப்படி அனுப்பிய ஒரு நோயாளி மூன்று ஆண்டு கழித்து, வேறு ஊரில் முறைப்படி எடுத்த படத்தோடு திரும்பி வந்தது ஒரு முறை நடந்தது. இடப்பக்க ஹிப்போகேம்பஸ் வெள்ளையாக, வலப்பக்கத்தில் பாதி பருமனுக்குச் சுருங்கிக் கிடந்தது. என் பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் அந்த இடமே சரியாக வரவில்லை. அறிக்கை எழுதியவர் பொய் சொல்லவில்லை. நான் கொடுத்த படத்தில் அது நார்மல்தான்.

ஆகவே பொதிகைவாசி, அறிக்கையை விட்டுவிட்டுப் படங்களைப் பாருங்கள், அல்லது பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். எந்த முறையில் எடுத்தது என்பதே முதல் கேள்வி.

பொதிகைவாசி | 27 பிப்ரவரி 2025

ஐயா, திருவனந்தபுரம் ஸ்ரீசித்ராவில் காட்டினோம். ‘வலிப்புக்கான முறையில்’ எம்.ஆர்.ஐ. திரும்ப எடுக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முன் வீடியோ இ.இ.ஜி.க்கு மார்ச் மாதத்தில் படுக்கை கொடுத்திருக்கிறார்கள். மாமாவும் வருகிறார். என்ன கொண்டுபோக வேண்டும்?

பழைய ஸ்கேன்காரன் | 28 பிப்ரவரி 2025

பழைய சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டின் குறுந்தகடுகளும், காகித அறிக்கை மட்டும் போதாது. கைப்பேசியில் எடுத்த வலிப்பு வீடியோ இருந்தால் அதையும், எந்தக் கை தடவியது, எந்தக் கை விறைத்தது என்ற குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். வலிப்பு மருந்து கொடுத்திருந்தால் அதை நீங்களாகக் குறைக்காதீர்கள். குறைப்பதாக இருந்தால் அங்கே படுக்கையில் வைத்து அவர்கள் குறைப்பார்கள். வலிப்பு வரும்வரை நாள் கணக்கில் காத்திருக்க நேரலாம், மாமா பொறுமையோடு வரட்டும். வந்தால் கேமராவும் அலையும் ஒரே நேரத்தில் பதிவாகும். முதல்நாள் தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் தடவாமல் வரச் சொல்லுங்கள். எண்ணெய்த் தலையில் மின்வாய்ப் பசை ஒட்டாது. ஒரு மணி நேரம் துடைத்தே களைத்துப்போன அனுபவம் எங்களுக்கு உண்டு.